மற்றவை

உலான்பாத்தர், மூன்றாம் மாடி.
சன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை,
மலை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் துணி.
ஒட்கோன்சுரேன் ஆண்டறிக்கைக்காகத்
தாள்களைப் பிரிக்கிறாள்.

இடப்பக்கம் நுரையீரல்:
இருமியவர்கள், சளியில் கிருமி காட்டியவர்கள்.
வலப்பக்கம் மற்றவை:
கழுத்துக் கழலைகள்,
விலாவுக்குள் தேங்கிய நீர்,
குடல், சிறுநீரகம், ஒரு கண்,
பேச்சு வருமுன் காது போன
குழந்தையின் மூளைச் சவ்வு.
இவை இருமுவதில்லை.
இருமாத நோயை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஷாக்தார், ஐம்பத்தொன்று, நானூறு ஆடுகள்.
முதுகு வலி.
குதிரையிலிருந்து விழுந்திருப்பாய் என்றார்கள்.
அவரும் விழுந்ததாகவே நம்பத் தொடங்கினார்,
எந்தக் குதிரை என்றுகூடச் சொன்னார்.
மூன்று முறை சளி கேட்டார்கள்.
மூன்று முறையும் 'இல்லை'.
பதினான்காம் மாதம் கால் மரத்தது.
படத்தில் இரண்டு முள்ளெலும்புகள்
தேநீரில் நனைந்த சீனிக்கட்டிபோல்
ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தன.
எலும்புருக்கி என்று
தமிழில் இதற்கொரு பழைய பெயர் உண்டு.
அது அங்கே யாருக்குத் தெரியும்.

இரண்டு இடத்திலும் இருந்தால்?
நுரையீரலில் எழுது என்கிறது விதி.
ஓர் உடல், ஒரு வரி.
காலணி தைக்கும் துல்மாவின் இடுப்பெலும்பு
இப்படித்தான் இந்த நாட்டிலிருந்து
காணாமல் போனது.

பிறகு வரைபடம்.
தலைநகர் கருஞ்சிவப்பு,
விளிம்புக்குப் போகப் போக வெளுப்பு.
மேற்கே ஒரு மாகாணம்
மூன்றாண்டாகப் பூஜ்யம்,
இந்த ஆண்டு பதினேழு.
மேலாளர் தொலைபேசியில் பதறுகிறார்:
"அங்கே என்ன, பரவுகிறதா?"
"இல்லை ஐயா.
கழலையில் ஊசி போட்டுப் பார்க்கத் தெரிந்த
ஒரு மருத்துவருக்கு
அந்த ஊரில் கல்யாணம் ஆகியிருக்கிறது."

இன்னும் நான்கு மாகாணங்கள் வெள்ளை.
அடியில் சிறிதாக எழுதினாள்:
வெள்ளை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல.
அச்சுக்குப் போகுமுன் அதை அடித்துவிட்டார்கள்.
இடமில்லையாம்.

ஷாக்தார் இப்போது இடுப்புப் பட்டையோடு நடக்கிறார்,
கதவு வரை, திரும்பக் கட்டில் வரை.
அந்தக் குதிரையை
முதல் குளிர்காலத்திலேயே விற்றாகிவிட்டது,
பாதி விலைக்கு.
அது அவரைத் தள்ளவே இல்லை.