நீலப் புள்ளி

கடலில் நிற்கிறேன் என்கிறது செல்போன்.
நிற்பது ராஸ் அல் கைமாவில்,
மருந்துக்கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
கையில் இரண்டு மட்டன் பிரியாணி, ஒரு லபன்.
நீலப் புள்ளி மட்டும்
கரையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி
அசையாமல் மிதக்கிறது.
கடலுக்குப் போகக் கூடாதென்றுதான்
விமானம் ஏறினேன்.

சிக்னலை யாரோ குழப்புகிறார்களாம்,
கப்பல்களை ஏமாற்ற.
கூட ஓட்டும் நேபாளி சொன்னான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
எல்லை தாண்டினால் இருபது திர்ஹம் பிடித்தம்.

கதவைத் திறந்தவள்
போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி போனைப் பார்த்தாள்.
"இன்னும் வரலையே" என்றாள்,
என்னிடமே.
பொட்டலத்தின் சூடு கையில் பட்டபிறகு
கொஞ்சம் நம்பினாள்.

உதவி மையத்தில் ஆளில்லை, பதில் இருக்கிறது:
அன்புள்ள ரெமிஜியூஸ், நீங்கள் எல்லைக்குள் இல்லை.
வாசலில் நிற்கிறேன் என்று தட்டினேன்.
வருந்துகிறோம்.
நீங்கள் நீங்கள்தானா என்று உறுதிசெய்யவும்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன்.
கண் சிமிட்டச் சொன்னது.
சிமிட்டினேன், வியர்வை எரிய
இன்னொரு தடவையும்.
பச்சை டிக்.
மனிதன்தான். ரெமிஜியூஸ்தான்.
இடம்: கடல்.

சகாய லிஜி வாட்ஸப்பில் கேட்டிருந்தாள்,
"நடுக்கடல்ல என்ன செய்யுதிய?"
பிள்ளை வேறு அழுகிறானாம்.
வேலை, என்று அனுப்பினேன்.

அப்புறம் ஏனோ
கைப்பிடியை விடாமல்தான்
படி இறங்கினேன்.
உதட்டில் உப்பு.