பன்னிரண்டாம் குழி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஐந்து டப்பா.
கோபாலபுரம் தாண்டி, அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து.
ஐஸ் பெட்டி ஒன்றுதான். சீட்டில் மட்டும் இரண்டு எழுத்து.
தன்சிகா, வயது நாலு என்கிறது ஒரு மூடி.
அதே பிள்ளை இன்னொரு மூடியில்
மலையாளத்தில் வயிறு இளகிக் கிடக்கிறாள்.
இரண்டு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

இங்கத்திய கோப்பில்: தமிழ்நாட்டுத் தண்ணீர்.
அங்கத்திய கோப்பில்: கேரளத்துக் கோழி.
லிஸ்ஸி டாக்டர் அனுப்பிய துண்டுத்தாளில் ஒரே வரி:
ஜெசிந்தா, ஒன்றா வேறா, பார்த்துச் சொல்லு.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டும்.
காலை ஆறரைக்கு யாரைப் போய்க் கேட்பது?
நானே ஒரு டப்பாவோடு கழிப்பறைக்குப் போனேன்.

முதல் இரவு குலம் பார்த்தேன்.
பெரிய மரபிழையை நொதி நறுக்கித் தர,
துண்டுகள் அவரவர் நீளத்துக்குத் தக்கபடி
ஓடி நின்றன.
இரண்டு பக்கமும் ஷிகெல்லாதான். ஆனால்
பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை,
கல்யாணப் பத்திரிகை வைக்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.
'வேறு' என்று பென்சிலில் எழுதினேன்.
பேனாவுக்குக் கை போகவில்லை:
மருந்து வில்லையைச் சுற்றிக் காலியாக இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு பக்கத்துக் கிருமியும்
விளிம்பு வரை வந்து மேய்ந்திருந்தன.
அதே ஐந்து மருந்து.

ஆகவே இரண்டாம் இரவு.
பெரிய இழையைக் கழித்துவிட்டு
சின்ன வளையங்களை மட்டும் வடித்தேன்.
பிளாஸ்மிட்டுக்குப் பிறந்தவீடு என்று ஒன்று கிடையாது.
யார் வந்து உரசினாலும் குழாய் நீட்டும்,
தன் நகலைத் தரும்,
தானும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மீனாட்சிபுரத்தில் பால் லாரியை நிறுத்திச் சோதிக்கிறார்கள்.
கோழி வண்டிக்கு ரசீது உண்டு.
டிரைவரின் குடலுக்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.
நீலச் சாயம் பாதி வழியில் நின்றது.
ஜெனரேட்டர் சுகுமாரன் வருவதற்குள்
கொசு என்னை நாலு இடத்தில் தின்றது.

பிறகு, கண்ணாடி மாட்டி, ஊதா விளக்கைத் தட்டினேன்.
முதல் குழியில் அளவு ஏணி.
மேலிருந்து மூன்றாம் படிக்கு நேராக
ஆரஞ்சாக ஒரு கோடு, இரண்டில். மூன்றில். நான்கில்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் மாநில எல்லை;
கோடு அங்கே மூச்சு வாங்கக்கூட இல்லை.
பதினொன்று வரை போயிற்று.

பன்னிரண்டிலும் இருந்தது.

குழி மாறிவிட்டதோ என்று நோட்டைப் புரட்டினேன்.
மாறவில்லை. என்னுடையதுதான்.
மத்தியானம் நெய்ச்சோறு சாப்பிட்ட வயிறு,
ஒரு குறையும் சொல்லாத வயிறு.

ஒரே உயரம் என்றால் ஒரே வளையம் என்று ஆகாது.
மறுநாள் வெட்டியும் பார்த்தேன்.
ஷிகெல்லா பத்திலும், என் சாது ஈகோலையிலும்
அதே ஆறு துண்டு.
போன ஜூனில் தொண்டைவலிக்கு
சீட்டில்லாமல் ஆறு மாத்திரை வாங்கி
மூன்றோடு நிறுத்தினேன்.
அதனால்தானா? ஜெல்லுக்குத் தெரியாது.

பேனாவை எடுத்தேன்:
கிருமி வேறு. வளையம் ஒன்று.
பன்னிரண்டுக்கு நேரே 'எந்தப் பக்கம்' என்ற கட்டம்.
வேலை இங்கே, வீடு அங்கே.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இரண்டு தடவை கை கழுவி
பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை.
கம்பியைத் தொடாமல், கால் அகட்டி நின்றேன்.
செக்போஸ்ட் திருப்பம் வந்தது.
பிடித்தேன்.