மூன்று மில்லி

ஸ்ட்ரால்சுண்டில் பனிமூட்டம் இலவசம்.
படக்குழு அதற்கும் ஓர் இயந்திரம் கொண்டுவந்திருந்தது;
செங்கல் தேவாலயத்தின் பின்னால்
இருமிக்கொண்டே நின்றது அது.

நாவலை நான் ஆறாம் எண் பேருந்தில் படித்தேன்,
அகராதியும் கையுமாக.
அதில் அவன் கதவை உடைப்பதில்லை.
மூன்று பக்கம் வாசலில் நிற்கிறான்,
தொப்பி நனைய,
'வரலாமா?' என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு.
எனக்கு வயிற்றைக் கலக்கியது
அந்த இரண்டாம் பக்கத்தில்தான்.

படத்தில் ஒரே உதை. கதவு தூள்.

காலை ஏழு மணிக்கு ஆய்வகத்துக்கு வந்தார்
ஹென்னிங் ப்ரோய்ல்,
பத்தொன்பது கழுத்துகளைக் கடிக்க ஒப்பந்தமானவர்.
காதோரம் வெள்ளைச் சாயம் இன்னும் கழுவப்படவில்லை.
ரத்தசோகையாம்.
ஊசியைக் கண்டதும்
சுவர்க் காலண்டரின் ஹெர்ரிங் மீன்களை
எண்ணத் தொடங்கினார்.

'குத்தட்டுமா?' என்றேன்.
கேட்காமல் நான் குத்துவதில்லை,
கைக்குழந்தையைக்கூட.
எட்டு மீன், ஒன்பது மீன்.
பிறகு கண்ணை இறுக மூடி
'உள்ளே வாருங்கள்' என்றார்.
ஆக, அவரும் படித்திருக்கிறார்.

நரம்பு வழுக்கியது.
மன்னிப்புக் கேட்டு, இரண்டாவது தடவையில்
மூன்று மில்லி.

மார்ச் மாதம், துறைமுகத் திரையரங்கு.
வயலின்கள் கீச்சிட
உறங்குகிறவளை நோக்கி அவர் கை நீள்கிறது,
இரவுச்சட்டையின் கை மேலே சரிகிறது.
முழங்கை மடிப்பில்
ஒப்பனைக்காரர் தவறவிட்ட நீலக் கன்றல்,
ஐந்து சென்ட் நாணயம் அளவு,
திரையில் ஒரு சக்கரம் அளவு.

முன்வரிசைப் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.
எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள்,
நான் என் கடியை.