விரித்தால் வரவேண்டும்

தசீலாக்கில் பிப்ரவரி.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
பிப்பாலுக் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

நாற்பத்தொரு ஜிபி.
செயற்கைக்கோள் வழியே நூக் போய்ச் சேரவேண்டும்.
இரவு ஒன்றிலிருந்து ஐந்துவரைதான் பாதை காலி.
ஐந்தரைக்கு டாக்டர் ஸ்கேன் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்.

அமுக்கும் அளவு ஒன்றிலிருந்து ஒன்பது.
போன மாதம் ஒன்பது வைத்தாள்.
ஆறு ஜிபியாய்ச் சுண்டிப்போனது கோப்பு.
பெருமையாகத்தான் இருந்தது.
ஆனால் சுண்டவே நாலரை மணி நேரம்.
ஸ்கேனும் கோப்பும் ஒரே வாசலில்
முட்டிக்கொண்டு நின்றன.

எது சுருங்கும், எது சுருங்காது என்பது
இப்போது அவளுக்கு மனப்பாடம்.
ரத்த அழுத்தம் இயல்பு, இயல்பு, இயல்பு:
எண்ணூறு இயல்புகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.
'ஒவ்வாமை இல்லை' என்ற பத்தி
ஊதினால் பறந்துவிடும்.
எக்ஸ்ரே மசியாது.
காய்ந்த மீனைப் பிழிந்தால்
கைதான் வலிக்கும்.

செவிலி நுக்காகாவின் குறிப்புகள் பாதிக்குப் பாதி.
ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லாய்க்
கட்டி நிறுத்தும் மொழி அவளது.
ஏற்கனவே தொகை.
அதிலும் பனிப்பாளம் உடைந்த இரவில்
அவள் எழுதிய நாற்பது வரிகள்
ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.
வேறெந்த இரவையும் போல் இல்லை அது.

செவ்வாயன்று நூக்கிலிருந்து இனூக் கூப்பிட்டான்.
"ஒன்பதாம் அளவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
நடுவில் ஒரே ஒரு பைட் கெட்டிருக்கிறது.
அதற்குப் பின்னால்
ஒன்றுமே இல்லை."
செயற்கைக்கோளின் அரை நொடித் தாமதம்.
பிறகு அவளுடைய தாமதம்.

அனுப்பினோம், அனுப்பினோம்,
ஒருநாளாவது விரித்துப் பார்த்தோமா?

தொக்கி நிற்கும் உருபு
விரித்தால் திரும்ப வரவேண்டும்.
வராவிட்டால் அது தொகையில்லை,
தொலைந்தது.

மூன்று என்று மாற்றுகிறாள்.
துண்டு துண்டாய் வெட்டச் சொல்கிறாள்,
ஒன்று அழுகினால் ஒன்றோடு போகட்டும்.
ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண்.
பதினோரு ஜிபி. குண்டுக் கோப்பு.
நாற்பது நிமிடத்தில் அமுங்கி
நாலே முக்காலுக்குள் நூக் போய்விட்டது.

தூங்கப் போகவில்லை.
பழைய மடிக்கணினி ஒன்றைத் துடைத்து
அங்கிருந்து மறுபடி இறக்கி, விரிக்கிறாள்,
பாளம் உடைந்த இரவின் துண்டை மட்டும்.

வந்தது.
பெயர்கள், உடல் வெப்பம், நேரங்கள்,
அடித்துத் திருத்திய ஒரு மருந்தளவு.
நாற்பதாவது வரியில்
நுக்காகா எழுதியிருக்கிறாள்:
காப்பித்தூள் தீர்ந்துவிட்டது,
யாராவது வாங்கி வைக்கவும்.