பதினோரு மாதம்

தரகர் பக்கிரிசாமி வண்டியை நிறுத்திய இடத்தில்
வீடு இருந்தது, ரோடு இல்லை.
"அடுத்த வருஷம் வந்துடும்மா."
அடுத்த வருஷத்தையும் சேர்த்துத்தான்
விளமலில் மனை விற்கிறார்கள்.

நான் சுவரைப் பார்த்தேன்.
முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்ற கோடு,
சுண்ணாம்பு அடித்தும் மறையாமல்.
எந்த மழை என்றேன்.
"அது போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகை."
அந்தக் கோட்டுக்கு ஒரு லட்சம் குறைத்தேன்.

முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று.
ஒரு அண்ணன் தம்பி வழக்கு,
ஒரு அடமானம், அதை மீட்ட தேதி,
அதற்கும் முன்னால் வெறும் நஞ்சை.
வங்கி மேலாளர் கேட்டார்:
இப்போது இருப்பது சொந்த வீடா?
மன்னார்குடியில் வாடகைக்கு என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே
மறுபடி போட்டுக்கொண்டார்.

தவணை பதினைந்தாயிரத்து நானூறு.
கீழ் வீடு ஏழாயிரம், மாடி ஐயாயிரத்து ஐந்நூறு.
சங்கத்து உரமூட்டைச் சிட்டையின் பின்பக்கத்தில்
வீட்டு வரி, மோட்டார், காலியாகக் கிடக்கும் மாதம் என்று
எப்படிக் கூட்டிப் பார்த்தாலும்
மாசா மாசம் என் கையிலிருந்துதான் போனது
மூவாயிரம் சொச்சம்.
பதினெட்டு வருஷம்.
"தென்னம்பிள்ளை வச்சாக்கூட
சீக்கிரம் காய்க்குமே" என்றாள் தங்கை.

கிரயம் முடிந்தது ஆனிக் கடைசியில்.
ஆடியில் ஒருத்தரும் குடி மாற மாட்டார்கள்,
எனக்குத் தெரியும்.
தவணைக்குத் தெரியவில்லை.

மெடிக்கல் காலேஜ் எதிரே டீக்கடையில்,
ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில்
'வீடு வாடகைக்கு' ஒட்டிவிட்டு வந்தேன்.
பக்கத்து மனைக்காரர் வேலியோரம் வந்து
"பாத்து விடுங்க" என்றார்.
எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று புரிந்தது.
என்னை நாலு வீட்டில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆவணி மூன்றாம் தேதி சகாயராணி வந்தாள்.
ஸ்டாஃப் நர்ஸ். புருஷன் நாகப்பட்டினத்தில் படகு மெக்கானிக்.
அறைகளைப் பார்ப்பதற்கு முன்
குழாயைத் திறந்து கையில் பிடித்து
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"உப்பு கம்மிதான்."
முத்திரைத்தாள், பதினோரு மாதம், கையெழுத்து.
சாவியை நீட்டும்போது சொன்னேன்:
"சுவத்துல ஆணி அடிக்காதீங்க."

அது என் குரலே இல்லை.
மன்னார்குடி வீட்டுக்காரம்மா தேவகுஞ்சரியின் குரல்,
ஒரு எழுத்துக் குறையாமல்.
சகாயராணி கையிலிருந்த மாதா படத்தை
பைக்குள் திருப்பி வைத்தாள்.

எங்கள் வீட்டில் குத்தகை என்றால்
கொடுப்பது என்றுதான் அர்த்தம்.
அப்பா களத்தில் அளந்து கொடுத்துவிட்டு
மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்.
வாங்குகிற கையை எப்படி வைத்துக்கொள்வது,
நான் பார்த்ததே இல்லை.

"நாலு ஆணி அடிச்சுக்கங்க" என்றேன்.
"மேக்குச் சுவரு வேணாம். அது ஓதம்."

ஐப்பசியில் தண்ணீர் வந்தது.
கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.
மோட்டார் எரிந்துபோக, எட்டாயிரத்து அறுநூறு.
அட்வான்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்,
அது அவள் பணம் என்பது
ராத்திரி படுத்த பிறகு உறைத்தது.
பொங்கலுக்குள் திருப்பி வைத்தேன்,
புடவை எடுக்காமல்.

தையில் பக்கிரிசாமி போன்.
"ரோடு டெண்டர் ஆயிடுச்சு.
மூணு லட்சம் மேல வச்சுக் கேக்குறாங்க. தள்ளிடலாமா?"
இல்லை என்றேன்.
"பின்ன எப்பத்தான்?"
யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை.
கொடுக்கலை, அவ்வளவுதான்.

அதே வாரம் தேவகுஞ்சரி
ஐந்நூறு ஏற்றினாள். பேசாமல் கொடுத்தேன்.

பீரோவில் ஒரே பிளாஸ்டிக் கவரில்
இரண்டு ஒப்பந்தம் கிடக்கிறது.
ஒன்றில் நான் முதல் பார்ட்டி, ஒன்றில் இரண்டாவது.
என்னுடையது சித்திரையில் முடிகிறது,
சகாயராணியுடையது ஆடி இரண்டாம் தேதி.
ஆடியில் ஒருத்தரும் குடி மாற மாட்டார்கள்.