கவிழ்த்துப் பார்த்தல்

மீனம்பாக்கம் சரக்கு முனையம், இரவு ஷிப்ட்.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பாப்கார்ன்.
தெர்மக்கோல் இல்லை, நிஜச் சோளப்பொரி.
எறும்பு வருமே என்றார் ஸ்கேனர் ஜெயசீலன்
ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு.

அனுப்புநர் டார்லீன், பொலாக்கா, அரிசோனா.
பெறுநர் அண்ணா நகரில் ஒரு பல் வைத்தியர்.
பொருள்: பானை, ஒன்று.
சமைக்கவா, அலங்காரத்துக்கா?
படிவத்தில் இரண்டே கட்டம்.
எதில் டிக் அடித்தாலும் வரி வேறு.

கையில் எடுத்தேன்.
சக்கரம் ஏறாத பானை.
உள்ளே விரல் விட்டால்
மண்திரி மேல் மண்திரியாக வளைத்து ஏற்றியது
லேசாகத் தட்டுப்படுகிறது.
வெளியே கூழாங்கல் தேய்த்த மினுக்கு.
தோளைச் சுற்றிக் கறுப்பிலும் காவியிலும்
ஒரு பறவை
இறகாகி அலகாகி மறுபடி இறகாகி
எங்கே முடிகிறதென்று சொல்லாமல் போகிறது.
ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சுக் கன்றல்.

‘டேமேஜ்’ என்று எழுதப் போனான் புதுப் பையன்.
பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.
அது தீ தொட்ட இடம்டா.
நான் கொசப்பேட்டைக்காரி.

கவிழ்த்தேன்.
அடியில் ஒரு மேகம்.
அதை ஒட்டிச் சின்னதாக இன்னொரு மேகம்,
ஒற்றைத் துளி மழையோடு.
கூடவே நாலாக மடித்த சீட்டு:
‘மண் என்னுடையது. தீட்டியது என் மகள்.
சுட்டது என் தம்பி,
அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.
பணத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பவும்.’

எங்கள் வீட்டில்
பிள்ளையாருக்கும் கொலு செட்டுக்கும்
அடியில் ஒரே ரப்பர் ஸ்டாம்ப்:
தணிகாசலம் அண்டு சன்ஸ்.
சன்ஸ் இரண்டு பேர்.
சின்னவன் கார் ஓட்டுகிறான், விமான நிலையத்துக்கும் வருவான்.
அத்தனைக்கும் கண் திறப்பது நான்,
லீவு நாளில்,
இருபத்திரண்டு வருடமாக.

‘செய்தவர் பெயர்’ – கட்டம் ஒன்றுதான்.
இரண்டு மேகத்தையும் அதில் வரைந்தேன்,
துளி கோட்டுக்கு வெளியே விழுந்தது.
சீல் குத்தி அனுப்பினேன்.
என்ன மேடம் இது என்று
யாரும் இன்னும் போன் செய்யவில்லை.

விடிந்து வீடு வந்தால்
பலகையில் தசாவதார செட்டு,
மச்சம் மட்டும் ஈரம் காயாமல்.
கவிழ்த்து,
ஸ்டாம்ப் விழப்போகும் இடத்தில்
தீக்குச்சியால் ஒன்று கீறினேன்.

‘என்னா இது?’ என்றான் பெரியவன்.
‘கண்ணு.’
‘அடியிலயா?’

டீ ஆறிக்கொண்டிருந்தது.
இன்னும் ஒன்பது அவதாரம் பாக்கி.