சாலைக்கு வடக்கே

செவ்வாய் இரவு பதினொன்றே காலுக்கு வந்ததாம்.
ஏழு நிமிடம்.
அதற்குள் முடித்துக்கொண்டு போய்விட்டது.

நான் வெள்ளிக்கிழமை போனேன்,
காப்பீட்டு நிறுவனத்தின் பழைய டிரக்கில்:
ஒரு மீட்டர் கோல், எண்ணும் படிவம்,
கொசுவலை வைத்த தொப்பி.
சஸ்காச்சுவானின் இந்த மூலையில்
சாலைகள் நூல் பிடித்துப் போட்டவை.
அதிலொரு மண்சாலைக்கு வடக்கே
ஓரெஸ்ட் வசிலிக்கின் கனோலா.
திங்கட்கிழமை வரை மஞ்சள் என்றார்.
இப்போது குச்சி.
குச்சிகூட இல்லை, நார்.
நறுக்கிவிட்டு மறந்த முட்டைக்கோஸின் வாடை.
தெற்கே ஹால்வர் நைகார்டின் பருப்பு வயல்,
ஓர் இலை மடங்காமல்,
தலை வாரி அனுப்பிய பள்ளிப்பிள்ளை மாதிரி.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.
இரண்டு கண்ணுக்கும் நடுவே
எட்டு மீட்டர் சரளைக்கல்.

கோலைக் கிடத்தி எண்ணினேன்.
நாற்பத்தொரு தண்டில் முறிந்தவை முப்பத்தெட்டு.
இன்னும் இருபது எட்டு. மறுபடி கோல்.
முப்பத்தொன்பதில் முப்பத்தொன்பது.
ஓரெஸ்ட் பின்னாலேயே வந்தார்,
என் எண்ணை உதட்டுக்குள் தானும் எண்ணிக்கொண்டு.
"முப்பத்தொன்பதில்லை, முப்பத்தெட்டு," என்றார்.
"அது நிற்கிறது. சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்."
தன் பணத்தைத் தானே குறைக்கும் திருத்தம்.
அழித்து எழுதினேன்.

குட்டையின் ஓரம் வாத்துக்குஞ்சுகள் ஏழு.
அவற்றுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

வீட்டுக்குள் ஸென்யா காத்திருந்தாள்.
மேற்குச் சன்னல்கள் எல்லாம் பலகை,
பட்டப்பகலில் மெழுகுவத்தி.
ஃப்ரீஸரைத் திறந்து
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை
இரு கையாலும் மேசைமேல் வைத்தாள்.
"இருந்ததிலேயே பெரியதை எடுத்துவைத்தேன்,
சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று."

மூடியைக் கழற்றினாள்.
தண்ணீர்.
அரை டம்ளர் இருக்கும்.
ஒரு புல், கொட்டகைச் சுவரின் சிவப்புப் பெயின்ட் துணுக்கு.

வழியில் படுத்துக்கிடந்த மின்கம்பங்கள் பதினாலு,
நான் எண்ணிக்கொண்டேதான் வந்தேன்.
அவளுக்கா தெரியாது?
மூன்று நாளாய் அதே ஃப்ரீஸரில்
மான் இறைச்சி இளகி ஒழுகியதைத்
துணி பிழிந்து துடைத்தவள்.
ஆனாலும் குனிந்து பார்த்தாள்.
நாங்கள் மூவருமே பார்த்தோம்,
கிணற்றில் வாளி தொலைத்தவர்கள் போல.

"இவ்வளவு இருந்தது."
கையைக் குவித்துக் காட்டினாள்.
விரல் நுனிகள் தொடவில்லை.
நான் நாடாவை எடுத்து
அந்த வெற்றுக் கையை அளந்தேன்,
கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை.
ஏழரை சென்டிமீட்டர் என்று எழுதினேன்.
விதிப்படி செல்லாது.
எழுதினேன்.

அப்போதுதான் ஹால்வர் வந்தார்,
தள்ளுவண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு.
அவர் வீட்டிலும் மின்சாரமில்லை;
அதில் மட்டும் சாலை பாகுபாடு பார்க்கவில்லை.
உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றார்,
தப்பித்தது ஏதோ வாங்கிய கடன் போல.
பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"என் பக்கமும் விழுந்தது கொஞ்சம்.
பின்வாசலில். ஒன்றிரண்டு."

யாரும் அவரைக் கேட்கவில்லை.
அவர் பின்வாசலை நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்,
தக்காளிச் செடிகள் குச்சியோடு நிமிர்ந்து நின்றன.

ஓரெஸ்ட் அவர் கையிலிருந்து வயரை வாங்கிக்கொண்டார்.
"ஆமாம்," என்றார், "சத்தம் கேட்டது."

இழுத்த நான்காவது தடவை ஜெனரேட்டர் பிடித்தது.
மேசைமேல் கரண்டிகள் நடுங்கின.
ஸென்யா டப்பாவை மூடி
திரும்ப ஃப்ரீஸருக்குள் வைத்தாள்,
சிந்தாமல், மட்டமாக.
இனி அது டப்பாவின் வடிவத்தில்தான் உறையும்.
நான் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினேன்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
என் டிரக் கிளப்பிய புழுதி
நடுச்சாலையில் கொஞ்சம் தயங்கி நின்று,
தென்காற்றுக்கு,
மொத்தமும் வடக்கே போய்ப் படிந்தது.